டர்போ ஆயில் ஃபீட்: 1 மி.மீ. ரெஸ்ட்ரிக்டர் போடுவதா, வேண்டாமா?

புதுச்சுழலி:
வணக்கம். 1.8 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். கம்பெனியிலிருந்து வந்தபோது டர்போ கிடையாது, முன்பு வண்டி வைத்திருந்தவர் ஏற்றியது. ஜர்னல் பேரிங் டர்போ (தண்டு குண்டுகளில் அல்லாமல் ஆயில் படலத்தில் சுற்றும் வகை), தண்ணீர்க் கூலிங் இல்லை. ஆயில் பிரஷர் சுவிட்ச் இருந்த ஓட்டையில் ஒரு பித்தளை டீ (மூன்று வாய் இணைப்பு) மாட்டி, அதிலிருந்து டேஷ் 4 (ஓஸ் அளவு எண், எண் குறைந்தால் ஓஸும் ஒல்லி) பின்னல் ஓஸை நேராக டர்போவின் தலைக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு சிக்னலில் கொஞ்ச நேரம் நின்றால் நீலப் புகை வருகிறது. மிதித்தால் பின்னால் ஒரு மேகம், அப்புறம் சுத்தமாகிவிடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் லேசாக உண்டு. எப்படியும் ஃபீட் பிட்டிங் எல்லாவற்றையும் மாற்றப் போகிறேன். கூடவே ஆயில் வரத்தைக் குறைக்க 1 மி.மீ. ரெஸ்ட்ரிக்டரும் (சிறு ஓட்டை வைத்த துண்டு) போட்டுவிடட்டுமா? டேஷ் 4-க்குப் பதில் டேஷ் 3 ஓஸ் வாங்கினாலே போதுமா?

எண்ணெய்க்கை:
போடுங்க தம்பி. டர்போ இல்லாமல் வந்த எஞ்சினில் ஆயில் பம்ப்பும் பிரஷரும் டர்போவை நினைத்து அமைத்ததல்ல. பிரஷர் சுவிட்ச் ஓட்டை என்றால் மெயின் கேலரியின் (எஞ்சினின் முக்கிய ஆயில் பாதை) முழு அழுத்தமும் டர்போவுக்குள் போகிறது. டர்போ தண்டில் இருப்பது பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன ரிங்தான், ரப்பர் சீல் கிடையாது. அதன் வேலை முக்கியமாக வாயுவைத் தடுப்பது. உள்ளே ஆயில் தேங்கினால் டர்பைன் (எக்ஸாஸ்ட்) பக்கமோ கம்ப்ரசர் (உள்ளே போகும் காற்று) பக்கமோ வெளியே போகத்தான் செய்யும். 1 மி.மீ. ஜெட் (ரெஸ்ட்ரிக்டர்தான்) ஒன்றை டர்போவின் நுழைவாயில் பிட்டிங்கில் வைத்தால் புகை நிற்கும். பட்டறையில் பல வண்டிக்குச் செய்த வேலை இது.

அளவுகோல்:
புதுச்சுழலி, அவசரப்பட வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. சூடான ஐடிலில் புகை என்கிறீர்கள். ஆயில் பிரஷர் மிகக் குறைவாக இருப்பதே அப்போதுதான். அழுத்தம் கூடிப்போனதுதான் காரணம் என்றால் 5000 ஆர்.பி.எம்-மில் அல்லவா புகை கொட்ட வேண்டும்?

இது டிரெயின் பிரச்சினை போலத் தெரிகிறது. டர்போவிலிருந்து ஆயில் இறங்குவது வெறும் புவியீர்ப்பில். தண்டு லட்சத்துக்கும் மேலான ஆர்.பி.எம்-மில் சுற்றி அதை நுரையாக்கிவிடும், நுரைக்கு அகலமான, செங்குத்தான வழி வேண்டும். டிரெயின் குழாயின் உள்விட்டம் குறைந்தது அரை அங்குலம், முடிந்தால் டேஷ் 10, செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது, சம்ப்பில் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். சாக்கடை அடைத்திருக்கும்போது குடிநீர்க் குழாயைச் சின்னதாக்கி என்ன பயன்?

ஜர்னல் பேரிங்குக்குள் தண்டைச் சுற்றி ஒரு மிதக்கும் புஷ், அதற்கு உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொரு ஆயில் படலம். உலோகம் உலோகத்தில் படாமல் பிரிப்பது அந்தப் படலம்தான். தண்ணீர்க் கூலிங் இல்லாத உங்கள் டர்போவில் சூட்டைக் கொண்டுபோவதும் அதே ஆயில். அதை 1 மி.மீ.-க்கு நெருக்குவது பேரிங்கின் ஆயுளைக் கொடுத்துப் புகையை நிறுத்துவது.

எண்ணெய்க்கை:
சூடான ஐடிலில் பிரஷர் குறைவு, சரி. ஆனால் அப்போது டர்பைன் பக்கம் எக்ஸாஸ்ட் அழுத்தமும் இல்லை, கம்ப்ரசர் பக்கம் பூஸ்டும் இல்லை. ரிங்குக்கு வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்க எதுவுமே இல்லாத நேரம் அது. கொஞ்சம் ஆயில் தேங்கினாலும் வழியும். வரத்தைக் குறைத்தால் தேக்கமும் குறையும், இதில் என்ன சந்தேகம்? பெரிய கம்பெனிகளே 1 மி.மீ. என்றுதானே சொல்கின்றன.

அளவுகோல்:
அது பால் பேரிங் டர்போவுக்கு. டர்போ தயாரிக்கும் காரெட் நிறுவனம் பால் பேரிங்குக்குச் சொல்வது அதிகபட்ச எஞ்சின் வேகத்தில் நுழைவாயிலில் 40 முதல் 45 பி.எஸ்.ஐ. ஆயில் அழுத்தம். அதற்குக் குறைந்தது 0.040 அங்குல ஓட்டை, அதாவது ஏறத்தாழ 1 மி.மீ., வழக்கமாகப் போதும். பால் பேரிங்குக்கு ஆயில் கொஞ்சம்தான் தேவை. ஜர்னலுக்கு அதே காரெட் சொல்வது, ரெஸ்ட்ரிக்டர் பொதுவாகத் தேவையில்லை என்று. ஒன்றுக்குச் சொன்னதை எடுத்து இன்னொன்றில் ஒட்டாதீர்கள் அண்ணா.

எண்ணெய்க்கை:
பாதியை முழுங்கிவிட்டீர்களே. "அழுத்தத்தால் ஒழுகினால் தவிர" என்று அதிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. தம்பி வண்டி ஒழுகுகிறதா இல்லையா?

கருப்புபனியன்:
ஒழுகுகிறது. அழுத்தத்தாலா என்பதுதானே வழக்கு. டர்போ நுழைவாயிலில் ஒரு கேஜ் மாட்டிப் பார்த்தால் தீர்ந்தது, அதுவரை நான் டீ குடிக்கிறேன்.

நாலாம்கியர்:
ரெஸ்ட்ரிக்டர் சண்டை நடக்கட்டும், எனக்கு அந்தப் பித்தளை டீதான் பயமாக இருக்கிறது. சுவிட்ச், கேஜ் சென்சார், ஓஸ் மூன்றும் ஒரே கழுத்தில் தொங்கும். பிளாக்கின் அதிர்வு முழுக்க அந்தக் கழுத்தில். பித்தளை முறுகி ஒருநாள் பட்டென்று உடைந்தால் பம்ப் தள்ளும் ஆயில் அத்தனையும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கொட்டும். வண்டி எரிவது இப்படித்தான். பிளாக்கில் ஒரு ஸ்டீல் அடாப்டர் மட்டும் இருக்கட்டும். சென்சார்களைச் சின்ன ஓஸ் மூலம் பிராக்கெட்டில் முடுக்கிய ஒரு உலோகக் கட்டைக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, மரையைப் பாருங்கள். ஜப்பான் எஞ்சின்களில் பிரஷர் சுவிட்ச் ஓட்டை பெரும்பாலும் 1/8 பி.எஸ்.பி.டி. (பிரிட்டிஷ் டேப்பர் மரை). டர்போ கிட்டில் வரும் டீ 1/8 என்.பி.டி. (அமெரிக்க டேப்பர் மரை). கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் அங்குலத்துக்கு 28 மரை, 55 டிகிரி. மற்றதில் 27 மரை, 60 டிகிரி. கையால் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும், ஆகா நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைப்போம். டேப் சுற்றிக் கொஞ்ச நாள் ஓட்டவும் செய்யலாம். பிறகு ஒழுகும், இல்லாவிட்டால் அலுமினிய வாயே விரிசல் விடும்.

கருப்புபனியன்:
டேப் என்றதும் ஞாபகம் வந்தது. ஃபீட் லைனில் வெள்ளை டேப் வேண்டவே வேண்டாம். கழற்றி மாட்டும்போது பிய்ந்த நூல் ஒன்று உள்ளே போய் அந்த 1 மி.மீ. ஓட்டையில் உட்கார்ந்தால் டர்போவின் கதை முடிந்தது. டேப்பர் மரைக்குத் திரவ சீலன்ட், அதுவும் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு. ஏஎன் பிட்டிங்கில் (டேஷ் எண் போட்ட ஓஸ்களுக்கு வரும் வகை) அதுகூடக் கூடாது; அங்கே அடைப்பது 37 டிகிரி கூம்பு, மரை வெறுமனே இழுத்துப் பிடிக்கிறது. பிளம்பிங் கடையில் கிடைக்கும் 45 டிகிரி பிட்டிங்கை அதில் மாட்டிவிட்டு "எவ்வளவு இறுக்கினாலும் கசிகிறது" என்று வருபவர்களும் உண்டு.

புதுச்சுழலி:
நன்றி. டீ-யைத் தூக்கிவிடுகிறேன். பிளாக் வாயில் மரை அளவுகோலை வைத்துப் பார்த்தேன், 28 தான். டர்போ பக்கம் பாஞ்சோவா (ஓட்டை போட்ட போல்ட் வழியே ஆயில் போகும் இணைப்பு), ஏஎன் ஓஸா? டேஷ் 3 கேள்விக்கும் யாரும் பதில் சொல்லவில்லையே.

அளவுகோல்:
டேஷ் 3 ஓஸ் ரெஸ்ட்ரிக்டர் ஆகாது. 1 மி.மீ. ஓட்டையின் பரப்பு 0.79 சதுர மி.மீ. டேஷ் 3-இன் உள்விட்டம் சுமாராக 3 மி.மீ. என்று வைத்தாலும் 7 சதுர மி.மீ., ஒன்பது மடங்கு. சூடான ஆயிலுக்கு அந்த ஓஸ் ஒரு தடையே இல்லை. குளிர்ந்த கெட்டி ஆயிலில் மட்டும் கதை மாறும். நீளக் குழாயில் பாய்வு உள்விட்டத்தின் நான்காம் அடுக்கோடு போகிறது. ஸ்டார்ட் செய்த முதல் சில வினாடிகளில், டர்போவுக்கு ஆயில் அவசரமாக வேண்டிய நேரத்தில், ஒல்லி ஓஸ் தாமதப்படுத்தும். வேண்டிய இடத்தில் தடுக்காது, வேண்டாத இடத்தில் தடுக்கும். டேஷ் 4 இருக்கட்டும்.

எண்ணெய்க்கை அண்ணா சொல்கிறபடி நெருக்கத்தான் வேண்டும் என்றாலும் 1 மி.மீ. அல்ல, 1.5-இல் தொடங்குங்கள். பரப்பு 2.25 மடங்கு. வாங்கும் முன் டர்போ வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். சில டர்போக்களில் உள்ளேயே ஒரு சிறு ஓட்டை வைத்திருப்பார்கள், அதன் மேல் இன்னொன்றைப் போட்டால் பட்டினிதான்.

நாலாம்கியர்:
டர்போ பக்கம் என் ஓட்டு பாஞ்சோவும் ஸ்டீல் குழாயும்தான். கம்பெனிக்காரர்கள் அதைத்தானே போடுகிறார்கள்? டர்போவும் எஞ்சின் மேல், ஃபீட் எடுக்கும் இடமும் எஞ்சின் மேல். சூட்டில் விரிவதைத் தவிர இரண்டுக்கும் இடையே அசைவே இல்லை, ஒரு வளைவு கொடுத்தால் அதையும் குழாய் தாங்கிக்கொள்ளும். பின்னல் ஓஸ் ரேஸ் வண்டி மோகம். உள்ளே ரப்பர் பொரிந்துபோனாலும் வெளியே பளபளவென்று இருக்கும், உரசும் இடத்தில் வயரையும் அலுமினியத்தையும் அரம் போல அறுக்கும்.

அளவுகோல்:
ரப்பர் உள்ளுறை ஓஸைத்தான் திட்டுகிறீர்கள், அதில் எனக்கும் சம்மதம். பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) உள்ளுறை ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், மேலே சூட்டுறை போட்டால் போதும். பாஞ்சோவில் எனக்குப் பிடிக்காதது, போல்ட்டின் குறுக்கு ஓட்டைதான் மொத்த லைனிலும் மிகச் சிறிய இடம், அது எத்தனை மி.மீ. என்று யாரும் பார்ப்பதில்லை. சில சுபாரு டர்போ எஞ்சின்களில் பாஞ்சோ போல்ட்டுக்குள் ஒரு வலை ஃபில்டரும் உண்டு. அது கசடில் அடைத்து டர்போ பட்டினியில் செத்த கதை ஊரறிந்தது.

நாலாம்கியர்:
வலை அடைப்பது ஆயில் மாற்றாதவர்களின் கதை. ஓட்டையை அளக்க ஒரு டிரில் பிட்டின் பின்பக்கம் போதும். பாஞ்சோவுக்கு இருபுறமும் புது வாஷர் போட வேண்டும், பழைய செம்பு வாஷர்தான் கையில் இருக்கிறது என்றால் சிவக்கச் சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகும். அதற்குக்கூடச் சோம்பல் என்பவர்கள் ஓஸே போட்டுக்கொள்ளலாம்.

கருப்புபனியன்:
எதைப் போட்டாலும் டர்போ பக்கம் அலுமினிய பிட்டிங் வேண்டாம். வார்ப்பிரும்பைவிட இரண்டு மடங்கு விரியும், தினமும் சூடாகி ஆறி மரை லூஸாகும். ஸ்டீல் போடுங்கள். நீலம் சிவப்பெல்லாம் பானட்டைத் திறந்து காட்டுபவர்களுக்கு.

புதுச்சுழலி:
டர்போ நுழைவாயிலில் கேஜ் மாட்டிப் பார்த்தேன். சூடான ஐடிலில் 17 பி.எஸ்.ஐ., சூடாக 4000-இல் 61, காலையில் குளிர்ந்த ஐடிலில் 84.

டிரெயினையும் பார்த்தேன். குழாய் அகலம் சரி. ஆனால் டர்போவிலிருந்து கொஞ்சம் இறங்கி, பிறகு ஏறக்குறைய படுக்கையாக ஓடி சம்ப்பில் சேர்கிறது. சேரும் வாய் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்குக் கீழே.

அளவுகோல்:
17 பி.எஸ்.ஐ.-இல் எந்த ஜர்னல் டர்போவும் அழுத்தத்தால் ஒழுகாது. டிரெயின் வாயை ஆயில் மட்டத்துக்கு மேலே ஏற்றுங்கள். பிரீதரையும் (எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி) பாருங்கள்; கிராங்க்கேஸில் (எஞ்சினின் கீழ்ப்பகுதி) அழுத்தம் ஏறினால் டிரெயின் எவ்வளவு நேராக இருந்தாலும் ஆயில் இறங்காது.

எண்ணெய்க்கை:
17-ஐ மட்டும் படித்துவிட்டு 84-ஐத் தாண்டிப் போய்விட்டீர்கள்! காலைப் புகை எதனால் என்கிறீர்கள்? டிரெயினைச் சரிசெய்யச் சொல்வதை நான் எதிர்க்கவில்லை, அது நல்ல வேலைதான். ஆனால் சம்ப்பை இறக்கி, வெல்டு வைத்து, மறுபடி மாட்டுவது எல்லோராலும் ஆகுமா? ஜெட் போடுவது அரை மணி நேர வேலை.

அளவுகோல்:
அரை மணி நேர வேலைதான். பேரிங் போனால் டர்போவை இறக்குவது எத்தனை மணி நேரம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதுச்சுழலி:
சம்ப்பை இறக்கி, டிரெயின் வாயை ஆயில் மட்டத்துக்கு மேலே வைத்து, குழாயை ஏறக்குறைய நேராக இறக்கியாகிவிட்டது. ஃபீட் பக்கம் பிளாக்கில் பி.எஸ்.பி.டி. ஸ்டீல் அடாப்டர், டேஷ் 4 பி.டி.எஃப்.இ. ஓஸ், டர்போ வாயில் ஸ்டீல் பிட்டிங். ரெஸ்ட்ரிக்டர் போடவில்லை. மாட்டும் முன் நுழைவாயிலில் ஆயில் ஊற்றி, ஃபியூல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு டிரெயினில் ஆயில் வரும்வரை கிராங்க் அடித்தேன்.

சூடான ஐடில் புகை நின்றுவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் இன்னும் லேசாக நீலம்.

எண்ணெய்க்கை:
84 பி.எஸ்.ஐ. போகவில்லை, புகையும் போகவில்லை. 1.5-ஆவது போடுங்க தம்பி, 1 மி.மீ. கூட வேண்டாம்.

அளவுகோல்:
ராத்திரி முழுக்க நின்ற வண்டி முதல் ஸ்டார்ட்டில் புகைத்தால் முதல் சந்தேகம் வால்வ் ஸ்டெம் சீல் (வால்வ் தண்டு வழியே சிலிண்டருக்குள் ஆயில் இறங்காமல் தடுப்பது). டர்போவின் மேல் பழி போடும் முன் இரண்டு இடம் பாருங்கள். கம்ப்ரசரிலிருந்து வெளியே போகும் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விடுங்கள், பிறகு டவுன்பைப்பை (டர்போவுக்குப் பின்னுள்ள எக்ஸாஸ்ட் குழாய்) கழற்றி டர்பைன் சக்கரத்தில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் காய்ந்திருந்தால் ஆயில் எஞ்சினிலிருந்து வருகிறது, எந்த ஜெட்டும் அதை நிறுத்தாது.

எண்ணெய்க்கை:
டர்பைன் ஈரமாக இருந்தால்?

அளவுகோல்:
இருந்தால் 1.5 போட்டு, 4000-இல் கேஜ் என்ன காட்டுகிறது என்று பார்ப்போம். முதலில் கழற்றட்டும்.

புதுச்சுழலி:
ஞாயிற்றுக்கிழமை டவுன்பைப்பை இறக்குகிறேன். படம் போடுகிறேன்.