ஒரு சொட்டுக்கூட இல்லையாம்! ஞாயிறு வகுப்பு மேதைக்கு ஒரு கேள்வி

ஒரத்துப்பாளையத்தான்: நேற்று ‘ஞாயிறு மாணவன்’ இங்கே எழுதியதைப் படித்தீர்களா? நிலைத்த வணிக மேலாண்மையும் (சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் தொழில் நடத்துகிற படிப்பு) பொருளாதாரமும் பகுதிநேரமாக இரண்டு செமஸ்டர் படித்திருக்கிறாராம். அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது: "திருப்பூர் சாயப்பட்டறைகளில் இருந்து ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே போவதில்லை." ஒரு சொட்டுக்கூடவா? எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இன்றைக்கும் பருப்பு வேகாது தம்பி.

ஞாயிறு மாணவன்: அண்ணா, உங்கள் கிணறு பழைய கதை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகான நிலைமையைத்தான் எழுதினேன். இப்போது ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ், அதாவது திரவக் கழிவைப் பூஜ்யமாக்கும் முறை. ஆர்.ஓ. வடிகட்டி, மிஞ்சியதை ஆவியாக்கும் எவாபரேட்டர் எல்லாம் தாண்டித் தண்ணீர் திரும்பச் சாயத்துக்கே போகிறது. வாரம் ஆறு நாள் கம்பெனி ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் வேலை பார்த்துவிட்டு ஏழாம் நாள் படிக்கிறவன் நான். காற்றில் பேசவில்லை.

ஒரத்துப்பாளையத்தான்: சரி, எவாபரேட்டர் அடியில் நிற்கிற உப்பு எங்கே போகிறது? ஷெட்டில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பது என்ன, ரேஷன் அரிசியா?

ஞாயிறு மாணவன்: உப்பிலும் பெரும்பகுதியை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மீட்க முடியாத கலப்பு உப்புதான் மிச்சம். அது திடக்கழிவு, சொட்டு இல்லை.

ஒரத்துப்பாளையத்தான்: ஆக, சொட்டு இல்லை, மூட்டை உண்டு. இதைத்தான் ஃபீஸ் கட்டிப் படித்தீர்களா?

பனியன்_பாண்டி: பகுதிநேரப் படிப்பெல்லாம் விசிட்டிங் கார்டில் ஒரு வரி, அவ்வளவுதான். எங்கள் கம்பெனியில் ஒருத்தர் இப்படித்தான் முடித்துவிட்டு வந்து, முதல் வேலையாக பேப்பர் கப்பை ஒழித்தார். இப்போது ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர். பின்பக்கம் டீசல் ஜெனரேட்டர் அது பாட்டுக்குப் புகைகிறது.

ஞாயிறு மாணவன்: இறக்குமதிப் பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்கு ஐரோப்பா எல்லையில் வரி போட்டிருக்கிறதே, அது உங்கள் பனியனுக்கு வரும்போது இந்தப் படிப்பின் அருமை தெரியும்.

பனியன்_பாண்டி: அந்தப் பட்டியலில் சிமென்ட், இரும்பு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன். பனியன் எங்கே இருக்கிறது? எந்த செமஸ்டரில் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஞாயிறு மாணவன்: ‘வரும்போது’ என்றுதானே எழுதினேன். படிக்கத் தெரியாதா?

கணக்கு டீச்சர்: பகுதிநேரம் என்றால் அஞ்சல்வழி என்று நினைத்துக்கொண்டு ஆளாளுக்குப் பேசுகிறீர்கள். இரண்டும் வேறு. அப்புறம், பட்டறைக்காரர் கணக்கில் ஏறாத செலவை விவசாயி சுமக்கிறார். பொருளாதாரத்தில் அதற்குப் புறவிளைவு என்று பெயர். பையன் படிப்பதே அதைத்தான். அவனைப் போய் அடிக்கிறீர்களே.

ஒரத்துப்பாளையத்தான்: புறவிளைவுக்கு நீங்கள் பெயர் வைப்பதற்கு முன்பே நாங்கள் பார்த்துவிட்டோம் டீச்சர். பாசனத்துக்கு என்று 1992ல் கட்டிய அணை, சாயக் கழிவு தேங்கியதால் திறக்காதே என்று விவசாயிகளே மறித்த அணை, எங்கள் ஊர் அணைதான். அதை எந்தப் பாடத்தில் வைத்திருக்கிறார்கள்? கேள்வி ஒன்றுதான்: பூஜ்யமா, இல்லையா?

கணக்கு டீச்சர்: நூல் விலை விவாதத்திலும் இப்படியேதான் ஒரே கேள்வியை நாற்பது தடவை கேட்டீர்கள். அன்றைக்கு என்னை "சம்பளக்காரி" என்றது நினைவிருக்கிறதா?

ஒரத்துப்பாளையத்தான்: சம்பளக்காரியைச் சம்பளக்காரி என்றால் என்ன தப்பு? பேச்சை மாற்றாதீர்கள்.

கணக்கு டீச்சர்: சம்பளக்காரி கட்டிய வரியில்தான் உங்கள் பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரம் வருகிறது.

பனியன்_பாண்டி: ஆகா, மின்சாரத்துக்குப் போயாச்சு! இனி விடியவிடிய நடக்கும்.

ஞாயிறு மாணவன்: என் கடைசிப் பதிவு. சுத்திகரிப்பில் அடியில் படிகிற கழிவு மண்ணில் கொஞ்சம் சிமென்ட் ஆலைகளுக்குக்கூடப் போகிறது, விசாரித்துப் பாருங்கள். ‘லிக்விட்’ என்ற சொல் அங்கே சும்மா இல்லை.

ஒரத்துப்பாளையத்தான்: நேற்று ‘ஒரு சொட்டுக் கழிவுகூட’ என்று எழுதியபோது அந்த லிக்விட் எங்கே போயிருந்தது? ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.

ஞாயிறு மாணவன்: வைத்துக்கொள்ளுங்கள், ஃபிரேம் போட்டு மாட்டுங்கள்.

பனியன்_பாண்டி: இதுவும் கடைசிப் பதிவா, தம்பி?

ஒரத்துப்பாளையத்தான்: மூட்டைக்குப் பதில் இன்னும் வரவில்லை.