மறு: ‘மீசோபிரெடேட்டர் ரிலீஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காட்டுயிர் நூல் ஒன்றை மொழிபெயர்த்துவரும் நண்பர் சென்ற வாரம் கேட்ட கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: ‘நடுத்தர வேட்டையாடி விடுவிப்பு’, ‘சிறு ஊனுண்ணிப் பெருக்கம்’, ‘இடைக்கொன்றுண்ணித் தளைநீக்கம்’. இவற்றுள் மூன்றாவது எனக்கு நெருக்கமாக இருந்தாலும், அதிலும் ஒரு குறை இருப்பதாகக் கருதுகிறேன். ஓரிடத்தில் தலைமை தாங்கிய கொன்றுண்ணி மறைந்ததும் அதற்கு அடுத்த படியிலுள்ள கொன்றுண்ணிகள் தடையின்றி நடமாடத் தொடங்குவதையே அந்த ஆங்கிலத் தொடர் குறிக்கிறது. அது எந்த நிகழ்வைக் குறிக்கப் பிறந்தது என்பதைப் பார்த்துவிட்டால் குறை எங்கே என்பது தானே தெரியும் என்பதால், முதலில் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தென் கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரம் வளர்ந்தபோது அங்கிருந்த புதர்க்காடுகள் வீடுகளுக்கு நடுவே துண்டு துண்டாக எஞ்சின. அத்துண்டுகளில் வாழ்ந்த பறவைகள் ஏன் ஒவ்வொன்றாக மறைகின்றன என்று ஆராய்ந்த மைக்கேல் சூலேயும் அவருடைய குழுவினரும் 1988ஆம் ஆண்டுக் கட்டுரையில் இத்தொடரை அறிமுகப்படுத்தினர். கொயோட்டி எனப்படும் ஓநாய்க் குடும்பத்து விலங்கு நடமாடும் துண்டுகளில் பறவையினங்கள் கூடுதலாக இருந்தன. அது இல்லாமற்போன துண்டுகளில் சாம்பல் நரியும் வீட்டுப் பூனையும் தடையின்றித் திரிந்தன, பறவைகள் குறைந்தன. பின்னர் 1999இல் கெவின் குரூக்சும் சூலேயும் 28 துண்டுக்காடுகளை ஒப்பிட்டு இதனை எண்களோடு நிறுவினர். ஏறத்தாழ 20 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு துண்டைச் சுற்றி நூறு வீடுகள் இருந்தால், அவற்றிலிருந்து வேட்டைக்குப் போகும் பூனைகள் சுமார் 35 என்றும், அவை ஓராண்டில் வீட்டுக்குக் கொண்டுவந்து போடும் இரை மட்டுமே 840 கொறிவிலங்குகள், 525 பறவைகள், 595 பல்லியினங்கள் என்றும் அவர்கள் கணக்கிட்டனர். பூனை பிடித்த இடத்திலேயே தின்றுவிட்டவை இக்கணக்கில் சேரவில்லை.

இங்கே சொல்லாக்கத்துக்கு மிகவும் வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. அப்பூனைகளுக்கு வீட்டில் சோறு கிடைக்கிறது; காட்டில் இரை குறைந்தாலும் அவற்றின் எண்ணிக்கை குறைவதில்லை. கொயோட்டி சில பூனைகளைக் கொன்றது உண்மைதான். கழுத்தில் வானொலிப் பட்டை கட்டிக் கண்காணிக்கப்பட்ட பூனைகளில் நான்கில் ஒன்று கொயோட்டிக்கு இரையானது. ஆயினும் அதற்கு இணையான காரணம் வேறொன்று: கொயோட்டி இருப்பதை அறிந்த வீட்டாரில் ஏறத்தாழப் பாதிப் பேர் தம் பூனையை வெளியே விடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அதாவது கொயோட்டி இருந்தபோது பூனைகளின் நடமாட்டம் கட்டுக்குள் இருந்தது. அது போனதும் அக்கட்டு அவிழ்ந்தது. பூனைகள் பெருகியதாகச் சொல்வதற்கில்லை. ஆகவே ‘பெருக்கம்’ என்ற சொல், இத்தொடர் பிறந்த முதல் எடுத்துக்காட்டுக்கே முழுதாகப் பொருந்தவில்லை. எண்ணிக்கை கூடுவது இந்நிகழ்வின் விளைவுகளில் ஒன்றாக இருக்கலாம். அதையே பெயராக வைத்துவிட்டால், அச்சம் நீங்கியதால் விலங்கின் நடத்தை மாறுவது என்ற மறுபாதி விடுபட்டுவிடும்.

‘சிறு’ என்பதைப் பற்றியும் ‘நடுத்தர’ என்பதைப் பற்றியும் ஒருசேரச் சொல்லிவிடலாம். உடலின் அளவு இங்கே அளவுகோல் ஆகாது. அவ்விடத்தில் அந்த விலங்குக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. சான் டியாகோவில் தலைமை தாங்கும் அதே கொயோட்டி, ஓநாய்கள் வாழும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் அடங்கி நடக்கும் இடைநிலை விலங்கு. எனவே படிநிலையைச் சுட்டும் ‘இடை’ என்ற முன்னொட்டே சரி. ‘நடுத்தர’ என்றால் வாசகர் மனத்தில் தரமும் உருவமும்தான் எழும்.

‘ஊனுண்ணி’ பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. களக்காடு–முண்டந்துறைக் காட்டில் வாழும் பழுப்பு மரநாயின் உணவில் பெரும்பங்கு பழங்களே. அது விதை பரப்பும் விலங்காகவும் இருக்கிறது. வகைப்பாட்டில் ஊனுண்ணி வரிசையில் வருவதால் மட்டும் அதை இப்பெயருக்குள் இழுத்துவிடக் கூடாது. ‘வேட்டையாடி’ என்றாலோ நம் வழக்கில் மனிதனின் நினைவுதான் முதலில் வருகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பழகிய ‘கொன்றுண்ணி’ செய்கையை நேராகச் சொல்கிறது. இலங்கைப் பாடநூல்களில் ‘இரைகௌவி’ என்ற அழகான சொல் நெடுநாளாக வழங்குகிறது. ஈழத்து நண்பர்கள் ‘இடை இரைகௌவி’ என்று எழுதினால் அதுவும் முழுக்கப் பொருந்தும், இரண்டும் அருகருகே வாழட்டும்.

இனி ‘விடுவிப்பு’. நம் நாளிதழ்களில் ‘பிடிபட்ட மலைப்பாம்பு காட்டில் விடுவிப்பு’, ‘ஆமைக்குஞ்சுகள் கடலில் விடுவிப்பு’ என்ற தலைப்புகளை எத்தனை முறை படித்திருக்கிறோம்! காட்டுயிர் பற்றிய எழுத்தில் இச்சொல் ஏற்கெனவே குடியேறிவிட்டது. ‘இடைக்கொன்றுண்ணி விடுவிப்பு’ என்று படிப்பவர், யாரோ கூண்டைத் திறந்து நரியை வெளியே விட்டார்கள் என்றே எண்ணுவார். இந்தக் குழப்பம் கற்பனையானதன்று. வேல்சு நாட்டின் நடுப்பகுதிக் காடுகளில் 2015 முதல் 2017 வரை ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்த, பைன் மார்ட்டென் என்னும் சிறு கொன்றுண்ணிகள் 51ஐ உண்மையிலேயே விடுவித்தார்கள். நண்பர் மொழிபெயர்க்கும் நூலில் ஒரே அதிகாரத்தில் இவ்விரண்டு ‘ரிலீசும்’ வந்தால் என்ன செய்வது?

(மார்ட்டெனை அகராதிகள் சில ‘மரநாய்’ என்று பெயர்க்கின்றன. நம் ஊரில் மரநாய் என்றால் பனைமரத்துக் கள்ளைக் குடிக்கும் விலங்கு என்றுதான் எவரும் அறிவர். ஆகவே மார்ட்டென் என்றே எழுதிவிடுவது நல்லது.)

பைன் மார்ட்டென் வந்ததால் அதன் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நாம் சொல்லில் ஏற்றக்கூடாத ஒரு மனச்சாய்வை அது காட்டுகிறது. ஒன்றரைக் கிலோ அளவே எடையுள்ள இவ்விலங்கு அயர்லாந்தில் ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்புக்குப் பின் மெல்ல மீண்டது. 1911இல் அங்கே கொண்டுவரப்பட்ட வட அமெரிக்கச் சாம்பல் அணில், நாட்டு அணிலான சிவப்பு அணிலை இடத்தாலும் உணவாலும் நெருக்கிவந்தது. பிரிட்டனில் அது சுமந்துவந்த அம்மைநோயும் சிவப்பு அணில்களைக் கொன்றது. மார்ட்டென் மீண்ட அயர்லாந்தின் நடுப்பகுதியில் சாம்பல் அணில் சுருங்கியது, சிவப்பு அணில் திரும்பியது. ஸ்காட்லாந்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்விலும் இதே போக்குத் தெரிந்தது. வேறோர் ஆய்வில் மார்ட்டெனின் வாடையை உணவுப்பெட்டியில் தடவிப் பார்த்தபோது சிவப்பு அணில்கள் ஒதுங்கின. சாம்பல் அணில்கள் பொருட்படுத்தவே இல்லை. ஆயிரமாயிரம் ஆண்டுகள் அந்த எதிரியோடு வாழ்ந்த இனத்துக்கும் நேற்று வந்த இனத்துக்கும் உள்ள வேறுபாடு அது. சிறிய கொன்றுண்ணி கூடினாலே காட்டுக்குக் கேடு என்று சொல்லிவிட முடியாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். ‘அட்டூழியம்’, ‘ஆதிக்கம்’ போன்ற பழிச்சொற்களைச் சேர்க்கலாம் என்று ஒரு மடலில் வந்த யோசனையை நான் ஏற்காததும் இதனால்தான்.

சுவீடனில் நடந்ததையும் பாருங்கள். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் சொறிநோய் பரவிச் செந்நரிகள் பெருமளவில் மாண்டன. அங்கே நரியின் முதன்மை உணவு வோல் எனப்படும் குட்டைவால் எலி. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை எலிகள் வீழும்போது நரி, முயல் பக்கமும் கிரௌஸ் எனப்படும் வடநாட்டுக் காட்டுக்கோழி பக்கமும் திரும்பும். நரி குறைந்ததும் முயலும் காட்டுக்கோழியும் கூடின. நரிக்கு அஞ்சி அடங்கியிருந்த மார்ட்டெனும் கூடியது. ஒரே நோய், ஒரே காடு. இதில் முயல் பெருகியது இரை மீட்சி, மார்ட்டென் எழுந்தது நாம் பெயர் தேடும் நிகழ்வு. இரண்டையும் ‘பெருக்கம்’ என்றே எழுதினால் வாசகர் எப்படிப் பிரித்தறிவார்? பின்லாந்தில் பிற்பாடு லிங்க்ஸ் பூனை மீண்டபோது நரி அடங்கியது, மலை முயல் தழைத்தது. அங்கே நிகழ்ந்தது இதன் மறுதலை.

ஆகவே என் முன்மொழிவு ‘இடைக்கொன்றுண்ணிக் கட்டவிழ்வு’. சூழலியல் எழுதுவோர் எல்லாரும் ‘புலி மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கிறது’ என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள். அந்தக் ‘கட்டு’ அவிழ்வதே இந்நிகழ்வு என்பதால், விளக்கம் இல்லாமலே வாசகருக்குப் பொருள் எட்டும். ‘தளைநீக்கம்’ ஏறத்தாழ இதே உருவகம்தான். ஆனால் ‘நீக்கம்’ என்றால் வேண்டுமென்றே நீக்கியவர் ஒருவர் தேவைப்படுகிறார். கொயோட்டி மறைந்ததும் நரிக்குச் சொறி வந்ததும் எவரும் இடையிலுள்ள விலங்குக்காகத் திட்டமிட்டுச் செய்தவை அல்ல. ‘அவிழ்வு’ தன்வினை, மொட்டு கட்டவிழ்வதைப் போலத் தானே நிகழ்வது.

இலக்கியத் திறனாய்வில் ‘கட்டவிழ்ப்பு’ இருக்கிறதே என்று கேட்கலாம். அது பிறவினை, ஒருவர் பனுவலை அவிழ்ப்பது. ‘வு’ ஈறும் ‘ப்பு’ ஈறும் இவ்வேறுபாட்டைக் காக்கும் என நம்புகிறேன். போட்டியிடும் இனம் நீங்கியதால் மற்றோர் இனம் பரவுவதைப் ‘போட்டிக் கட்டவிழ்வு’ என்றும், புது நிலத்துக்கு வந்த செடி தன் பழைய பூச்சிகளின் தொல்லையின்றித் தழைப்பதைப் ‘பகைக் கட்டவிழ்வு’ என்றும் இதே அச்சில் வார்க்கலாம். தனித்தனியே மூன்று சொற்களை மனப்பாடம் செய்வதைவிட இது மாணவருக்கு எளிது.

நூலில் வரக்கூடிய இரண்டு தொடர்களை எழுதிப் பார்த்தேன். “கொயோட்டி மறைந்த துண்டுக்காடுகளில் இடைக்கொன்றுண்ணிகள் கட்டவிழ்ந்தன.” “செந்நரி வீழ்ந்ததைத் தொடர்ந்து மார்ட்டென்களிடம் கட்டவிழ்வு காணப்பட்டது.” முதலாவது, வினையாக, இயல்பாக ஒலிக்கிறது. இரண்டாவதில் வேற்றுமையுருபு சற்று இடறுகிறது. ‘மார்ட்டென்களின் கட்டவிழ்வு’ என்பதா, ‘மார்ட்டென்களிடையே கட்டவிழ்வு’ என்பதா என்று என்னால் முடிவு செய்ய இயலவில்லை. இலக்கணம் அறிந்த நண்பர்கள் இந்த ஓரிடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.