வேலை நாளில் 20 லிட்டர் பீர் காய்ச்ச முடியுமா? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

சாட்ஸ்வொர்த் தம்பி:
ராத்திரி 8 மணிக்குத்தான் வீடு சேர்கிறேன். ஞாயிறு கோயிலுக்கும் வீட்டாருக்கும் போய்விடும். 40 லிட்டர் பாத்திரம், 2.5 கிலோவாட் எலிமென்ட், மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஊறவைக்கத் துணிப்பை, எல்லாம் இருக்கிறது. ஒரே மூச்சில் செய்தால் ஆறு மணி நேரம் பிடிக்கிறது. எதைக் குறைக்கலாம்? புரட்டாசி விரதம் முடிந்த பிறகு வரும் முதல் பிராய்க்கு (கறி சுடும் விருந்து) பாட்டில் தயாராக இருக்க வேண்டும்.

வெருலம்காரர்:
குறைக்காதீர்கள் தம்பி, இரண்டாகப் பிரியுங்கள். ராத்திரி 27 லிட்டர் தண்ணீரை 71 டிகிரிக்குச் சூடாக்கி 4.6 கிலோ பேல் மால்ட் போட்டால் 68-இல் வந்து நிற்கும். கட்டி இல்லாமல் கிளறி, மூடி, இரண்டு கம்பளியைச் சுற்றிவிட்டுத் தூங்கப் போங்கள். காலை 5 மணிக்குப் பையைத் தூக்கிப் பிழிந்துவிட்டு எலிமென்டைப் போடுங்கள். கொதிவர அரை மணிக்குச் சற்று மேல், கொதிக்க 30 நிமிடம். கைக்கு வருவது 21 லிட்டர் அளவில், அடர்த்தி 1.047 பக்கம்.

காலையில் 60 டிகிரி இருந்தால் கவலையே இல்லை. 50-க்குக் கீழே போனால் லாக்டோ கிருமி புகுந்து புளிக்க ஆரம்பிக்கும். கம்பளியில் கஞ்சத்தனம் வேண்டாம். ராத்திரி முழுக்க ஊறுவதால் பீர் கொஞ்சம் வறட்சியாக வரும். 67-இல் இல்லாமல் 68-இல் தொடங்கச் சொன்னது அதற்குத்தான். பில்ஸ்னர் மால்ட் என்றால் 30 நிமிடக் கொதி போதாது, வேகவைத்த சோள வாடை தங்கிவிடும்.

டோங்காட் அண்ணன்:
ஆறவைக்கும் வேலையையும் விட்டுவிடலாம். கொதிக்கக் கொதிக்க 20 லிட்டர் கேனில் இறக்குங்கள். கேனின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்க வேண்டும், அதுதான் இந்தச் சூடு தாங்கும் பிளாஸ்டிக். குழாய் சிலிக்கானாக இருக்கட்டும், சாதாரண பிளாஸ்டிக் குழாய் அந்தச் சூட்டில் துவண்டு நழுவும். கையுறை போட்டுக்கொண்டு, காற்று வெளியேறும் வரை கேனை இரு பக்கமும் அழுத்தி மூடியை இறுக்குங்கள். பிறகு இரண்டு நிமிடம் படுக்க வைத்தால் மூடியின் உட்புறமும் சூட்டில் சுத்தமாகும். ஆற ஆறக் கேன் உள்வாங்கும். மாலையில் வந்து பார்க்கும்போது உப்பியிருந்தால் கெட்டுவிட்டது, கொட்டிவிடுங்கள்.

ராத்திரியே பெர்மெண்டருக்கு (நொதிக்கவைக்கும் பாத்திரம்) மாற்றி, நன்றாகக் குலுக்கி, ஈஸ்ட் போடுங்கள். வாரக்கணக்கில் கேனில் வைப்பது ஆபத்து: காற்றில்லாத, புளிப்புக் குறைந்த திரவத்தில் பாட்டுலினம் என்ற நச்சுக் கிருமி வளரும்.

ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) கணக்கு மாறும். கேனுக்குள் சூடு நெடுநேரம் நிற்பதால் கசப்பு 20 நிமிடக் கொதி அளவுக்குக் கூடும். 30 நிமிடம் மட்டும் கொதிக்கவிடுவதால் குறைந்த கசப்பை இது சரிக்கட்டிவிடும். கடைசியில் போடும் வாசனை ஹாப்ஸை மட்டும் பாத்திரத்தில் போடாமல், ஈஸ்ட் பொங்கி அடங்கிய பிறகு பெர்மெண்டரில் போடுங்கள். ஜார்ஜ் ஊர்ப் பக்கத்து சதர்ன் பேஷன் ஹாப்ஸ் கிடைத்தால் 40 கிராம் போதும்.

வெருலம்காரர்:
நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். புரட்டாசி செப்டம்பர் நடுவில் பிறக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் காய்ச்சினால் அறை 18–20 டிகிரி, யூஎஸ்-05 ஈஸ்டுக்கு அதுவே சரி. இரண்டு வாரம் பெர்மெண்டரில், பிறகு பாட்டிலில். விரத மாதம் முழுக்க அலமாரியில் இருந்து கேஸ் ஏறட்டும், யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள்!

ஜனவரி வெயிலில் இதே ஈஸ்ட் போட்டால் தலைவலிக்கும் சாராய நெடிதான் மிஞ்சும். அப்போது வாஸ் க்வைக் ஈஸ்ட். 35 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்யும்.

பாட்டிலுக்கு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை. மூன்று நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கும் கருவி) இரண்டு தரமும் ஒரே எண் காட்டாமல் மூடிபோட்டால் பாட்டில் வெடிக்கும்.

சாட்ஸ்வொர்த் தம்பி:
பாட்டில் போடவும் அந்த வாரம் நேரம் கிடைக்காவிட்டால்?

டோங்காட் அண்ணன்:
நான்கு வாரம் வரை பெர்மெண்டரிலேயே கிடக்கட்டும், ஒன்றும் ஆகாது. ஏர்லாக்கில் (மூடியில் கேஸை மட்டும் வெளியே விடும் அடைப்பு) தண்ணீர் வற்றாமல் மட்டும் பாருங்கள். மால்ட் பையை மட்டும் அன்றைக்கே கழுவுங்கள், மறுநாள் அந்த நாற்றத்துக்கு வீட்டில் பதில் சொல்ல முடியாது.