சினிமாவைக் கலையாகப் படிக்க விஸ்காம் சேர்ந்துதான் ஆக வேண்டுமா?

தாரணி:
பி.காம். கடைசி வருஷம். இயக்குநர் ஆகும் எண்ணமெல்லாம் இல்லை, ஒரு படத்தை ஒழுங்காகப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். யூடியூப் விமர்சனங்கள் கதை, நடிப்பு இரண்டையும் தாண்டுவதே இல்லை. இதற்கு விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன் பட்டப்படிப்பு) சேர்ந்துதான் ஆக வேண்டுமா? எங்கே தொடங்குவது?

செல்வா:
இதற்காக மட்டும் விஸ்காம் வேண்டாம். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள், அதுதான் படிப்பு. ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் வயதான தம்பதி ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டுகிறார்கள், காற்றுத் தலையணை எங்கே என்று தேடிக்கொண்டே பேச்சு போகிறது, ஜன்னலோரம் பக்கத்து வீட்டு அம்மா நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகிறார், கேமரா தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது. படம் முடியும்போது அதே அறை, அதே ஜன்னல், அதே அம்மா, உள்ளே பெரியவர் மட்டும். பக்கத்தில் காலியாகக் கிடக்கும் இடம் நம்மை உலுக்குகிறது என்றால், முதல் காட்சியிலேயே இருவரையும் ஒரே ஃப்ரேமில் உட்காரவைத்து ஓசு அதற்கு வழி செய்துவிட்டார். இதைக் கதைச்சுருக்கத்தில் எழுதவே முடியாது.

மணிமேகலை:
செல்வா சொல்வது சரி, ஆனால் படத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள், கேட்கவும் வேண்டும். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) பாருங்கள். பாட்டே கிடையாது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்துதான் பின்னணி இசை. அது எங்கே வருகிறது, எங்கே வராமல் தெருச் சத்தத்துக்கு இடம் விடுகிறது என்று கவனியுங்கள், பாதிப் பாடம் அங்கேயே இருக்கிறது. பாலு மகேந்திரா புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர், வெளிச்சத்தையும் தவறவிடாதீர்கள்.

கதிர்:
புனே என்றதும் சொல்லத் தோன்றுகிறது. 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அங்கேதான். திரைப்படக் கல்லூரியோடு சேர்ந்து சினிமா ரசனைக்கென்றே குறுகிய காலப் பயிற்சி நடத்தி வந்திருக்கிறார்கள். பட்டம் முடித்ததும் அடுத்த அறிவிப்பு எப்போது வருகிறது என்று பாருங்கள்.

தாரணி:
நன்றி. திரும்பப் பார்க்கும்போது எதையாவது குறித்துக்கொள்ள வேண்டுமா?

செல்வா:
கட்டாயம். ஒரு காட்சிக்கு மட்டும் போதும். ஒவ்வொரு ஷாட்டும் எங்கே வெட்டப்படுகிறது, கேமரா எவ்வளவு உயரத்தில், ஃப்ரேமில் யார் யார், என்ன சத்தம் கேட்கிறது. அப்புறம் அந்த வெட்டு ஏன் அங்கே விழுந்தது என்று ஒரு வரி. எழுதியதை இங்கேயே போடுங்கள், பேசலாம்.