மாமரத்து வலையில் தேன்சிட்டு: பழி வௌவாலுக்கா?

கிணற்றடி:
எங்கள் கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த வருடம்தான் ஒழுங்காகக் காய்த்தது. வௌவாலுக்குப் பயந்து பழைய மீன்வலையை மேலே எறிந்துவிட்டேன். இன்று விடிய அதில் ஒரு தேன்சிட்டு சிக்கிக் கிடந்தது. சிலந்தி பிடிக்க வந்திருக்கும். நகவெட்டியால் இழை இழையாக வெட்டி எடுத்தேன். உள்ளங்கையில் பாரமே தெரியவில்லை, நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்தது. நல்லகாலம், பறந்துவிட்டது. ஒரு கிலோ வௌவாலைத் தடுக்கப்போய்ப் பத்துக் கிராம் குருவி சாகப் பார்த்தது. வௌவாலால் வளவுக்கு என்ன பிரயோசனம், சொல்லுங்கோ?

இலுப்பையடி:
அண்ணை, வலை போட்டது நீங்கள், பழி வௌவாலுக்கா? கோயிலடி இலுப்பை பூக்கும்போது இரவில் போய்ப் பாருங்கள். பூத் தின்ன வரும் வௌவால் முகமெல்லாம் மகரந்தத்தை அப்பிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும். பழத்தைக் கவ்விப்போய்க் கொட்டையைத் தூரத்தில் போடுவதும் அதுதான். கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய் எரித்தவர்கள் நாங்கள், இதை மறக்கலாமா?

கிணற்றடி:
மகரந்தம் தேன்சிட்டும் காவும், அதுவும் பகலில், கண்ணுக்கு முன்னால். மாம்பழத்தில் வாயும் வைக்காது. வௌவால் காவுகிற நிபாக் காய்ச்சல் 2018இல் கேரளாவில் வந்தது மறந்துபோச்சோ?

பூவரசம்வேலி:
செவ்வரத்தையில் தேன்சிட்டு செய்கிற வேலையைக் கிட்ட நின்று பார்த்தீர்களா? சில வேளை பூவுக்குள் தலையே விடாது. அடியில் துளை போட்டுத் தேனை உறிஞ்சிவிட்டுப் போய்விடும், மகரந்தத்தில் முட்டாமலே. களவில் ரெண்டும் ஒன்றுதான்! (எனக்கும் தேன்சிட்டுத்தான் விருப்பம், அது வேறு கதை.)

இலுப்பையடி:
நிபாக் கிருமியைப் பழந்தின்னி வௌவால் காவும், அதை மறைக்கவில்லை. கடிபட்ட பழத்தை எறியுங்கள், அவ்வளவுதான். ஆனால் தேன்சிட்டு ஒரு தரம் ரெண்டு முட்டை இடும், கூடு கலைந்தால் திரும்பக் கட்டும். பெரிய வௌவால் வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும், நெஞ்சில் தொங்கவிட்டே பறந்து பால் கொடுத்து வளர்க்கும். தாய் வலையில் செத்தால் ரெண்டு உயிர் போகும். போடுவதென்றால் சின்னக்கண் வலையாகப் போட்டு இழுத்துக் கட்டுங்கள். தொளதொள மீன்வலை எதையும் விடாது.

கிணற்றடி:
சரி, வலையைக் கழற்றிவிட்டேன். ஏணிக்கு எட்டும் காய்களுக்குக் கடதாசிப் பை கட்டியாச்சு. உச்சிக் கொப்பு வௌவாலுக்கு. ஆனால் தம்பி, தேன்சிட்டைக் கள்ளன் என்றதை மட்டும் ஒப்பமாட்டேன்.