பூசணிப் பிஞ்சு உதிர்கிறது, தேனீ வர என்ன நாட்டுச் செடி வைக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. மேலூர் பக்கம் செம்மண் நிலம், 20 சென்ட்டில் பூசணி, சுரை, கத்திரி போட்டிருக்கிறேன். இந்த வருஷம் பூசணியில் பெண் பூ நிறைய வருகிறது, ஆனால் பிஞ்சு எலுமிச்சை அளவுகூட வராமல் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிடுகிறது. ஒரு வாரமாக விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் நானே தடவிவிடுகிறேன், அப்படிச் செய்தவை மட்டும்தான் நிற்கின்றன. தோட்டத்தில் தேனீயே இல்லை. முன்பு வரப்பு முழுக்கத் தும்பை இருக்கும், வெயில் ஏறியதும் கொசுத்தேனீ மொய்க்கும். இரண்டு வருஷமாகக் களைக்கொல்லி அடித்து அதை அழித்தது நான்தான், நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. இனி அடிக்கப்போவதில்லை.

வேலியோரம் ஆவாரை, நொச்சி, ஆடாதொடை, துளசி வைக்கலாம் என்று இருக்கிறேன். ஆவாரம்பூவில் கருவண்டு (மரத்தைத் துளைக்கும் பெரிய கருப்புத் தேனீ) உட்கார்ந்து, உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்த்து எடுக்கும், கத்திரிப் பூவுக்கும் அந்த அதிர்வு நல்லது, அதனால் ஆவாரை கட்டாயம் வேண்டும். நொச்சியும் ஆடாதொடையும் போத்து (வெட்டிய கிளைத் துண்டு) வைத்தாலே வந்துவிடும். ஆவாரை விதைதான் முளைக்க மாட்டேன் என்கிறது, தோல் அவ்வளவு கெட்டி. வெந்நீரில் ஊறவைத்து முளைக்க வைத்தவர்கள் இருந்தால் எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் என்று சொல்லுங்கள்.

அப்புறம், தும்பை விதை யாரிடமாவது இருக்கிறதா? சித்திரை, வைகாசியை வேம்பும் புங்கையும் பார்த்துக்கொள்ளும், ஆடி ஆவணியில் பூக்கிற நாட்டுச் செடி எது வைக்கலாம்?