புதுப்பிப்பு: இரவில் சாப்பிட மறுத்த 14 மாத மகள்
இரவில் எதைக் கொடுத்தாலும் மகள் துப்புகிறாள் என்று மூன்று வாரத்துக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன். குற்றம் என் சமையலில் இல்லை, மாலைப் பாலில்! ஐந்து மணிக்கு வயிறு முட்டக் குடித்தவளுக்கு ஏழு மணிக்கு எப்படிப் பசிக்கும்? நாளுக்கு 500 மில்லிக்கு மேல் பால் வேண்டாம், மிஞ்சினால் பசியோடு இரும்புச்சத்தும் குறையும் என்றார் மருத்துவர்.

மாலைப் பாலை நிறுத்தியதும் வாய் திறந்தது. குழைய வெந்த பருப்பில் தக்காளியும் கேரட்டும் மசித்துத் தருகிறேன். தக்காளியின் வைட்டமின் சி பருப்பிலுள்ள இரும்பை உடல் ஏற்க உதவும். நன்றாக வெந்த முட்டையை விரல் நீளத்துக்கு நறுக்கினால் தானே எடுத்துத் தின்கிறாள். பாதி தரைக்குப் போகிறது, போகட்டும். உப்பு சேர்ப்பதில்லை.

கீரையை மட்டும் இன்னும் துப்புகிறாள். நேற்று ஏழாவது முறை. நாளை மறுபடி வைப்பேன்.